ஐந்தாவது முட்டை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் தெர்மாகோல் படகின் மீது இன்று காலை ஒரு கொக்கு எச்சமிட்டது. சரியாக நீ உட்காரும் இடத்தில். அதைத் திட்ட நீ இல்லாததால் உன் சார்பில் நானே திட்டினேன்.

உன் மேலும் கோபம்தான். தூத்துக்குடியிலிருந்து எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வந்தவன், ஒரகடத்தில் கம்பெனி லைனில் நின்று போல்ட் முடுக்குகிறவன், எங்கள் ஊர் ஆற்றை எனக்கே சுற்றிக் காட்டினாய். கம்பெனிகள் எறிந்த பேக்கிங் தெர்மாகோலைக் கயிற்றால் கட்டி, படகு என்றாய். நீ வலப்பக்கம் பலகையால் துழாவ, நான் இடப்பக்கம் உடைந்த கிரிக்கெட் மட்டையால். கருவேலங்காட்டுத் தடத்தில் நடந்தால் நத்தைக்கும் வழிவிடுவாய். எனக்கு மட்டும் வசவு.

தடுப்பணைக்கு மேலே, கோரைக்குள் மிதந்த முக்குளிப்பான் பறவையின் கூட்டை நீதான் கண்டாய். நான்கு முட்டைகள். இரைக்குப் போகும்போது தாய் அவற்றைப் பாசியால் மூடிவிட்டுப் போகும், தொடக்கூடாது என்றாய். நீ மீன்கொத்தியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது பாசிக்கடியில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைச் செருகினேன்.

அடுத்த ஞாயிறு, பாசி விலகித் தெரிந்த ஐந்தாவது முட்டையைப் பார்த்துத் திரும்பத் திரும்ப எண்ணினாய். நான் சிரித்த சிரிப்பில் படகும் ஆடியது. பந்தை எடுத்து என் மூஞ்சியில் அடித்தாய். ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார்த்தோம். தாய் வரவில்லை.

"அது முட்டைய விட்டுட்டுப் போயிருந்துச்சுன்னா நீதாம்ல காரணம். இனி எம்மூஞ்சில முழிக்காத."

"நீ இன்னா பெரிய பறவை கமிஷனரா? போய்க்கினே இரு."

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தாய். வல்லக்கோட்டைத் திருப்பத்தில் கன்டெய்னர் லாரி. நான் சொன்னதை ஒருநாளும் கேட்காதவன் அதை மட்டும் ஏன்டா கேட்டாய்?

உன் பெட்டியை எடுத்துப்போக வந்த உன் அம்மா, உன் போனில் இருந்த கூட்டைக் காட்டி, குஞ்சு பொரித்ததா என்று கேட்டார். நாலும் பொரிந்துவிட்டன, தாய் முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிறது, தனியாகவே துடுப்புப் போட்டுப் போய்ப் பார்த்தேன் என்றேன். தெரு முழுக்கவும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் அங்கே போய்ச் சேரவே இல்லை. இடப்பக்கம் துழாவினால் படகு வலப்பக்கமாகச் சுற்றுகிறது. பக்கம் மாற்றினால் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. இன்றும் கரையோரமாகவே ஏழெட்டுச் சுற்று சுற்றிவிட்டு, நனைந்த கால்சட்டையோடு இறங்கிவிட்டேன். பாக்கெட்டில் அந்தப் பந்து.