பண்ணையில் பேசிய தமிழ்

ஆக்லாந்து
14.5.1985

ரதிதேவி,

கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர். இந்த ஒரு செய்திக்காக மட்டும் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, விரி என்ற புறநகரில் உள்ள எங்கள் கம்பளித் தொழிற்சாலையைப் பார்க்கச் சீனாவிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்களின் மொழிபெயர்ப்பாளன், பீக்கிங் அச்சகத்தில் என்னிடம் தமிழ் படித்த லின். தலை முழுவதும் நரைத்துவிட்டது.

"ஐயா, சுகமா இருக்கிறியளோ?" என்று நம் யாழ்ப்பாணப் பேச்சிலேயே கேட்டான்.

தேநீர் இடைவேளையில் கதைத்தோம். கலாசாரப் புரட்சியின்போது அவனை ஏழு வருடம் பன்றிப் பண்ணையில் வைத்திருந்தார்களாம். "தமிழ் மறந்துபோகக் கூடாதெண்டு பண்டியளோடை கதைச்சனான், ஐயா. அதுகள் ஒருத்தருக்கும் சொல்லாதுகள்" என்று சிரித்தான்.

அரிசி போதவில்லை என்று அவன் சொன்னதைக் கட்சிக்காரரிடம் எழுதிக் கொடுத்தது தன் அறைத்தோழன்தான் என்று இன்றும் நம்புகிறான். பதினேழு வருடமாக அந்த மனிதனோடு பேச்சில்லை.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

அவன் சொன்னதை எழுதி, அந்தத் தாளில் நான் கையெழுத்திட்டபோது நீர் பக்கத்தில் நின்றீர். "நாங்கள் வெளிநாட்டுக்காரர், மறுத்தால் எங்களையும் பிடிப்பாங்கள்" என்றேன். நீர் அறையைவிட்டு வெளியே போனீர். கொழும்புக்குத் திரும்பிய பிறகு என்னைவிட்டும் போனீர்.

புறப்படும்போது, "ரதிதேவி அக்காவுக்கு எழுத வேணும், விலாசம் தாங்கோ" என்றான். கொடுத்தேன்.

அன்று எழுதிக் கொடுத்ததை அப்படியே இன்னொரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நான் அனுப்பினால் என்னை மன்னிக்க ஏதாவது காரணம் தேடுவான். அவன் எழுதும்போது உம்முடைய பதிலோடு இதை அனுப்பும். உம்மை நம்புவான்.

இப்படிக்கு,
அந்த ஐந்து வருடமும் உம்மோடு பீக்கிங்கில் இருந்தவன்