முனைக்குத் தைத்த முப்பது பைகள்

2003 செப்டம்பர் 8, திங்கள்

காலை பஸ்ஸில் இடம் கிடைத்தது. பதுளை வரை உட்கார்ந்தே வந்தேன். கடையில் நாள் முழுக்க ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், இரண்டு பாவாடைக்கு நாடா கோர்த்தேன். அவ்வளவுதான் வேலை. எதிர்க்கடைக்காரர் ரெடிமேட் உடுப்புகளை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். நளீரா ராத்தா அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. தையல் கடை அவருடையது. எனக்கு மெஷின் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

டீ குடிக்கும்போது சொன்னார்: "புள்ள, மனசுல ஒன்னும் வெச்சுக்காத. இப்பிடியே போனா தீவாளி வரைக்குந்தான் ஒன்ன வெச்சிருக்க ஏலும்."

நான் தலையாட்டினேன். ஏதாவது பேசியிருக்கலாம். பேச வேண்டியதெல்லாம் எனக்கு வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் ஞாபகம் வருகிறது.

செப்டம்பர் 9

அம்மாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "நல்லதாப் போச்சு. கொழும்புல ராசாத்தி அத்த வேல செய்ற எடத்துக்குப் பக்கத்துல, ஒரு டாக்டர் வீட்டுல புள்ள பாக்க ஆள் கேக்குறாங்களாம். தீவாளிக்கு வருவா. அவளோடயே போயிரு" என்றாள்.

காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மாலைவரை தேயிலைக் கொழுந்து பறிப்பவள் அம்மா. எனக்கு அந்த வெயிலும் மழையும் அட்டைக்கடியும் வேண்டாம் என்று நினைக்கிறாள். நல்லதைத்தான் நினைக்கிறாள். ஆனால் யாரோ வீட்டில், யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு —

எனக்கு மெஷின் வேண்டும். இதில் எழுதுவதற்கு என்ன வெட்கம்? பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் என்னை யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

வேலை வந்திருக்கிறது!

ராத்தாவின் அண்ணன் பாறூக் நானா பொத்துவில் பக்கம் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் பலகையில் ஏறி நின்று அலையில் சறுக்கும் கடற்கரை. பத்திரிகையில் படம்கூட வந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை முனை என்றுதான் சொல்கிறார்களாம். சண்டை நின்று சமாதானம் வந்து பாதை திறந்ததிலிருந்து வெளிநாட்டவர்களும் நம் நாட்டு டிரிப் பஸ்களுமாகக் கால் வைக்க இடமில்லையாம். கரையெல்லாம் போத்தல், பொலித்தீன், அடுப்புக் கரி. கடைசியில் மீன்பிடிக்கிறவர்களும் கடைக்காரர்களும் கூடிப் பேசி, கரையில் ஒரு பாதியைக் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். அந்தப் பாதியை ஊர்ப் பெண்கள் துப்புரவு செய்கிறார்கள். அவர்களுக்குத்தான் முப்பது துணிப் பைகள். பிடித்துப்போனால் அங்குள்ள கடைகளுக்கும் மாதாமாதம் நாங்களே தைக்கலாம்.

ராத்தா டெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யோகம் புள்ள, இது சரிவந்தா நீ எங்கயும் போகத் தேவல்ல."

செப்டம்பர் 18

தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ராத்தா பண்டாரவளைக்குப் போய்விட்டார். பைத் துணியெல்லாம் வெட்டி, வாருக்கு நாடாச் சுருளும் வைத்திருக்கிறார். போகும்போது சொன்னது: "ரெண்டு கையாலயும் பொறுக்குற பை. வாரு நல்லா ஒறுதியா ஈக்கணும்." அவருடைய கணவர் காலையில் கடையைத் திறந்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுகிறார். நானும் மெஷினும்தான்.

செப்டம்பர் 20

பதினேழு முடிந்தது. முதுகு வலி. சந்தோஷமான வலி.

செப்டம்பர் 23, செவ்வாய்

முப்பதும் முடிந்தன. வாரின் நீளத்துக்கு அம்மாவின் கொழுந்துக் கூடைக் கயிற்றை அளந்துகொண்டு போய் அதே அளவு வைத்தேன். வாரின் ஒவ்வொரு நுனிக்கும் மூன்று வரி தையல். ஒரு பையில் அம்மிக்கல்லைப் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். ஒரு நூல்கூட அசையவில்லை.

ராத்தா வந்தபோது மூட்டை கட்டி வைத்திருந்தேன். கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கடல் பாத்தீக்கியா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப சனிக்கெழம நீயும் வா."

செப்டம்பர் 26

அம்மா விட மாட்டாள் என்று நினைத்தேன். விட்டுவிட்டாள். "கொழும்புக்குப் போறதுக்கு முந்தி அதையும் பாத்துட்டு வந்துரு" என்றாள். துவாய், மாற்றுடுப்பு, புதுச் சவர்க்காரம் எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 27, சனி. முனை

பாறூக் நானா கடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரும் வராமல் இருந்தால் நல்லது.

வரிசையாக எழுதுகிறேன். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவை. மூன்று பஸ். லகுகலையில் குளத்தோரம் ஐந்து யானைகள் நின்றன. பொத்துவில் தாண்டியதும் ஒரு வாசனை வந்தது. கருவாடு என்று நினைத்தேன். கடல்.

எவ்வளவு பெரிது என்றெல்லாம் எழுதத் தெரியவில்லை. மலையில் எங்கே பார்த்தாலும் கண்ணுக்கு முன்னால் ஏதாவது நிற்கும். இங்கே ஒன்றும் நிற்கவில்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் மணல் முழுக்கக் கால் தடம். அந்தப் பக்கம் வேறு மாதிரி. மணலில் அடம்பன் கொடி ஊர்ந்து ஊதாப் பூ பூத்திருக்கிறது. பொட்டு அளவு நண்டுகள் ஆள் நிழல் பட்டாலே வளைக்குள் ஓடுகின்றன. போன வருடம் அந்த இடத்தில் பதினொரு கொட்டில்கள் இருந்தனவாம். பாறூக் நானாவின் கடையும் அதில் ஒன்று. அவரே பிரித்துக்கொண்டு வந்து ரோட்டோரம் போட்டிருக்கிறார். ஆனாலும் முணுமுணுப்பு நிற்கவில்லை: "ஆமை வந்து முட்டை போடுமாம். போடட்டும். ஆமை வந்து என்ட கடையில ரொட்டி திண்டுட்டா போகப் போகுது?"

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பைகளை வாங்கப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஸகீனா அக்கா. பெரிய குரல். ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இரண்டு எட்டு வைத்ததும் காலில் தட்டியது.

"என்னகா இது? ஆட்டுக்குட்டிய இழுத்துட்டுப் போற மாதிரி!"

றஷீனா என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், இரண்டு மரத்துக்கு நடுவில் வாரைப் பிடித்துக் காட்டி, "தொட்டில் கட்டுவம் மாமி, ஆரும் புள்ள பெத்தா ஆட்டலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ராத்தா சிரிக்கவில்லை. "என்ன புள்ள இது? வாரு ஏன் இவ்வளவு நீளம்?"

தலையில் மாட்டுவதற்கு என்று சொல்ல வேண்டும். "தலை" என்பது மட்டும்தான் வந்தது. மறுபடியும் சிரிப்பு.

ஐயோ, எனக்கு ஏன் தோணல? ரெண்டு கையாலயும் பொறுக்குறதுன்னா அம்மாவோட கொழுந்துக் கூடை மாதிரி பை தலையிலதான் தொங்கும்னு நானே நெனச்சுக்கிட்டேன். வேற எப்பிடியும் இருக்கும்னு ஒரு தடவ யோசிச்சேனா? யாரையாவது கேட்டேனா? முப்பதையும் தச்சுட்டேனே. முப்பதையும்!

கொழும்புதான். வேறு வழியில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று எழுதியதை வாசித்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

காலையில் பெண்கள் பழைய உர மூட்டைகளோடு வந்தார்கள். ராத்தா கத்திரிக்கோலை என் கையில் கொடுத்தார். "நானா வீட்டுல கை மெஷின் ஈக்கு. வாரெல்லாம் பாதிக்கு வெட்டித் தச்சுக் குடு." கோபம் இல்லாமல்தான் சொன்னார். சோர்வாகச் சொன்னார்.

முதல் பையை எடுத்தேன். மூன்று வரி தையல். கத்திரி வைக்கக் கை வரவில்லை. தைரியம் வந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. அவர்களிடம் பேசுவதைவிட அது எளிது, அவ்வளவுதான். துவாயை மடித்து, கூடைக் கயிறு உறுத்தாமல் இருக்க அம்மா கொங்காணி போடுகிற மாதிரி தலையில் போட்டேன். வாரை அதன் மேல் வைத்துப் பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு கயிற்றுக்குக் கீழே குனிந்து போனேன்.

பார்க்க வெறும் மணல். குனிந்தால்தான் தெரிகிறது. சோடா மூடி, கண்ணாடித் துண்டு, சிகரெட் அடி, ஷாம்பு பாக்கெட். அடம்பன் கொடியின் வேருக்குள் பொலித்தீன் நூல் நூலாகச் சிக்கியிருந்தது. இழுத்தால் கொடியும் சேர்ந்து வரும். துளிர் முறியாமல் விரல் நுனியால் எடுக்க வேண்டும். அது என் விரலுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போயிருக்கிறேன். இரண்டு கையும் நிறைந்ததும் தோளுக்கு மேலால் பைக்குள் எறிந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை.

"ஏய் புள்ள! பின்னால கண் கிடக்காகா உனக்கு?"

ஸகீனா அக்கா பின்னாலேயே வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "கொண்டா பாப்பம்" என்று தன் தலையில் மாட்டினார். நாலு முறை எறிந்தார், நாலும் பைக்குள் விழுந்தன. ஐந்தாவது முறை வார் வழுக்கியது. முக்காட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பின்னால் போனது. பக்கத்தில் தோணியில் ஆண்கள். அவர் இரண்டு கையாலும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லா! இது எங்களுக்குச் சரிவராதுகா. உங்கட மலைக்குத்தான் சரி."

அவர் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

"நில்லுங்க."

நான்தான் சொன்னேன். என் குரல்தான். "நில்லுங்க அக்கா. முக்காட்ட எப்பிடிச் சுத்துறீங்க? முடிச்சு எங்க வரும்? வாரு எந்த எடத்துல இருந்தா உறுத்தாது?"

நேற்றுவரை கேட்காததையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டேன். அவர் மணலில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக் காட்டினார்: இங்கே, இங்கே இல்லை.

பாறூக் நானாவிடம் பழைய கோதுமை மா மூட்டைத் துணி இருந்தது. சொரசொரப்பான பருத்தி, வழுக்காது. நான்காக மடித்து, நாலு விரல் அகலத்துக்கு வாரின் நடுவில் வைத்துத் தைத்தேன். கை மெஷின் ஒரு கையால் சுற்றுவது. றஷீனா சுற்றினாள், நான் துணியைப் பிடித்தேன். "தொட்டில் எண்டு சொன்னதுக்குக் கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எனக்கு எண்டா கோவம் வந்திருக்கும்" என்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு கடல் காற்று தொடங்கியது. மற்றப் பெண்கள் ஒரு கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் பொறுக்கினார்கள். ஸகீனா அக்காவின் முக்காடு மட்டும் வாருக்குக் கீழே அசையாமல் இருந்தது. அவருக்கே அது கொஞ்சம் நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக் கத்தினார்: "பாருங்கடி! காத்துக்குப் பறக்குதா எண்டு பாருங்க!"

அதன் பிறகு மெஷின் ஓயவில்லை. மூன்று பேருக்குக் கழுத்து வலிக்கிறதாம். அவர்களுக்கு வாரைக் குறைத்துத் தோளுக்கு ஆக்கிக் கொடுத்தேன். வெட்டும்போது வலிக்கவில்லை. கேட்டுவிட்டுத்தானே வெட்டினேன்.

மாலையில் றஷீனாவோடு திறந்திருக்கும் பக்கத்தில் கடலில் இறங்கினேன். சவர்க்காரத்தை எடுத்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். லயத்துப் பீலித் தண்ணீரில் குளிக்கிற மாதிரி எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை. உப்புத் தண்ணீரில் வராதாம். நானும் சிரித்தேன். உதடெல்லாம் உப்பு.

செப்டம்பர் 29

பஸ்ஸில் ராத்தா என் தோளில் சாய்ந்து தூங்கினார். பைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்ததா இல்லையா?

அக்டோபர் 6

ஒன்றும் தெரியவில்லை. டெலிபோன் மணி அடித்தால் ஊசி நிற்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

பாறூக் நானா பேசினார். எண்பது பை. நாற்பது தலைக்கு, நாற்பது கடைகளில் சாமான் போட்டுக் கொடுக்க. அடுத்த மாதமும் வேண்டுமாம். மூடிய பக்கத்தில் கண்ணாடித் துண்டு குறைந்துவிட்டதாம். ஆமை இன்னும் வரவில்லை. அதையும் அவரேதான் சொன்னாராம், கவலையாக. ராத்தா சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இனி கடைக்கி வாற ஆக்களோட நீயே பேசு. நான் கேட்டுச் சொன்னா நீ ஒன்ட எண்ணத்துக்குத் தைக்கிற. கேக்குறதயும் நீயே கேளு."

பேச வேண்டுமா? நானா?

சரி என்றேன். வாயால் சொன்னேன்.

அக்டோபர் 24, தீபாவளி

ராசாத்தி அத்தை வந்திருக்கிறாள். கொழும்பு பிஸ்கட், கொழும்புக் கதை. "எங்க, பெட்டியக் கட்டிட்டியா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"டாக்டர் வீட்டுக்கு வேற புள்ளயப் பாரு. இவ இப்ப பெரிய தையக்காரி. கடலுக்கே பை தச்சுக் குடுத்துட்டு வந்தவ, நம்மளயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?"

கிண்டல்தான். ஆனால் வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முகம் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 29, புதன்

காலை ரயிலுக்கு அத்தையை ஏற்றிவிடப் போனேன். பக்கத்து இருக்கையில் பலகாரப் பையை வைத்திருந்தாள். "இப்பவும் ஏறலாம்டி, டிக்கட்ட உள்ள எடுத்துக்கலாம்" என்றாள். கன்னத்தைக் கிள்ளினாள். ரயில் நகர்ந்ததும் கையாட்டினேன். கடைக்கு நேரமாகிவிட்டதால் நின்று பார்க்கவில்லை.

நோன்பு தொடங்கிவிட்டது. ராத்தா பத்து மணிக்குத்தான் வருகிறார். வாசலில் ஒரு உம்மாவும் மகளும் காத்திருந்தார்கள், பெருநாளுக்குச் சட்டை தைக்க. மகளுக்குப் பெயர் பஹ்மா. பதின்மூன்று வயது இருக்கும். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இப்படி, கழுத்து அப்படி என்று உம்மாதான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார்.

"ஒங்களுக்கு எப்பிடி வேணும்?" என்று அவளிடம் கேட்டேன்.

உம்மா பேச்சை நிறுத்தினார். பஹ்மா நிமிர்ந்து பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவள் சொல்லும்வரை நின்றேன்.