மகனைக் கொன்றவன் வீட்டுச் சோறு

என் வீட்டுக்கார அவியளுக்கு,

நீங்க போய் வருசம் திரும்பப் போகுது. கோவில்பட்டியில மழை பேருக்குத்தான் பேஞ்சுச்சு. தீப்பெட்டி ஆபீசுக்கு மறுபடியும் வேலைக்குப் போறேன். ஆனா ஒரு கேள்வி மனசுல கெடந்து அரிக்குது. உங்கள்ட்ட கேக்காம யார்ட்ட கேக்க?

மில்லு எரைச்சல்ல பாதிக் காது போன உங்களுக்கு, லைப்ரரியில எடுத்த அந்தக் கிரேக்கச் சண்டைக் காவியத்தைத் தொண்டை கிழிய வாசிச்சேனே, ஞாபகம் இருக்கா? அதை எழுதுனவரு, சாவுத ஒவ்வொருத்தனுக்கும் ஊரு என்ன, அப்பன் யாருன்னு சொல்லித்தான் சாகடிக்காருன்னு நீங்க ஆச்சரியப்பட்டீங்க. எந்தக் காலத்துலயோ செத்தவனுக்கு நான் ஏன் அழுதேன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

கடைசியில ஒரு கெழட்டு ராசா, மகனைக் கொன்னவன் கூடாரத்துக்கே பிணத்தைக் கேட்டுப் போறான். அந்த எடத்துல "போதும்ட்டி, மூடு"ன்னுட்டீங்க. அசதின்னு நெனச்சேன். நாலாம் நாள் போய்ச் சேந்துட்டீங்க.

போன வாரந்தான் மிச்சத்தை வாசிச்சேன். ராசா கொன்னவன் கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கான். ரெண்டு பேரும் அவங்கவங்க துக்கத்தை நெனச்சுச் சேந்து அழுவுதாங்க. பெறகு கொன்னவன் ஆட்டை அறுத்துச் சுட்டு வைக்கான், ராசா உக்காந்து சாப்பிடுதான். எப்படி எறங்குச்சு அது?

மத்தியானச் சோத்து நேரம் ஆபீசுல இதைச் சொன்னேன். கூட வேலை பாக்குத மாரியம்மா ஒத்துக்கவே இல்ல. "வெசத்தைக் குடிச்சாலும் குடிப்பேன், அங்கன கை நனைக்க மாட்டேன்"னா. நம்ம பக்கம் பகை வீட்டுல சாவு, துட்டின்னு போனாலும் பச்சைத் தண்ணி குடிக்காமத்தானே திரும்புவோம்? நம்ம கதை தெரிஞ்சவ, அதான் என் மூஞ்சியைப் பாக்காமப் பேசுனா.

நம்ம கதிரு உங்க தம்பி பைக்குல பின்னால உக்காந்து போனவன். கயத்தாறுகிட்ட லாரி இடிச்சுப் பிள்ளை போயிட்டான். உங்க தம்பி நொண்டிக் காலோட தப்பிச்சாரு. "எம் பிள்ளையைக் கொன்னுட்டியே"ன்னு தெருவுல மண்ணை வாரித் தூத்துனது நான்தான். அன்னையிலருந்து ஆறு வருசமா பசுவந்தனையில அவரு வீட்டுப் படி மிதிக்கல. உங்க துட்டிக்கு வந்தவரைப் பாத்தும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

காவியத்துல உள்ளவன் வேணும்னே கொன்னவன். உங்க தம்பி அப்படியா?

அவரை நெனச்சுத்தான் புத்தகத்தை மூடச் சொன்னீங்களா? தம்பியைப் பாக்கணும்னு ஆசை இருந்தும் எனக்குப் பயந்து வாயைத் தெறக்கலையா? கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன், அதுவும் நிசம். ஆனாலும் ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டீங்களேன்னு கோவமா வருது.

நேத்து அவருக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன்"னேன். மெதுவா, "மதினி, சாப்பிட்டுட்டுத்தான் வருவியளா?"ன்னு கேட்டாரு.

"இல்ல, அங்கன வந்துதான் சாப்பிடணும்"னேன்.

தொண்டையில எறங்குமான்னு தெரியல. எறங்காட்டாலும் எலையை மூடாம உக்காந்திருப்பேன். உங்களுக்கும் சேத்து ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்குவேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
கதிரோட அம்மை