கன்னத்தில் ஒரு கச்சான்

கதிரவெளி
24.02.2025

அன்புள்ள பிரஷாந்திக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் உங்கள் மகள் தக்ஷாயினியின் வகுப்பாசிரியை. விலாசம், பிள்ளையை வைத்துப் பார்க்கும் உங்கள் அக்கா தந்தார். நீங்கள் வேலை செய்யும் வீட்டு மெடம் வெள்ளிக்கிழமை கால் மணித்தியாலம்தான் உங்கள் கையில் ஃபோன் தருவாராம். அதில் நானும் பங்கு கேட்கக் கூடாது என்றுதான் கடிதம்.

பயப்படாதீர்கள், நல்ல செய்திதான். இந்த வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. தாய் வெளிநாடு போன பிள்ளைகள், வெள்ளத்தில் வீடு மாறிய பிள்ளைகள் என்று வாழ்க்கை திடீரென மாறிப்போனவர்களுக்குக் கவனப் பயிற்சி கொடுக்க வேண்டும். மூச்சைக் கவனிப்பது, சத்தத்தைக் கவனிப்பது, இந்த நிமிடத்தில் இருப்பது. புளியந்தீவில் இரண்டு நாள் செமினார் வைத்துக் கைநூலும் தந்து அனுப்பினார்கள். யார் எடுப்பது என்று அதிபர் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுத்துப் பேச எனக்குக் களைப்பாக இருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னால் முதலில் தூங்கிப்போவது நான்தான்.

ஒரு பயிற்சியில் உலர்ந்த திராட்சையை, அதுதான் முந்திரிகை வற்றலை, வாயில் வைத்து மெதுவாக, கவனித்துச் சாப்பிட வேண்டும். வற்றலுக்கு நான் எங்கே போக? ஆளுக்கொரு கச்சான், வறுத்த நிலக்கடலைதான், கொடுத்தேன். மற்றவர்கள் கண்ணை மூடும் முன்பே விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டார்கள். தக்ஷாயினி மட்டும் மணி அடிக்கும்வரை கன்னத்தில் வைத்திருந்தாள். "எல்லாரும் இவளைப் பாருங்க, இப்பிடித்தான் சாப்பிடணும்" என்று சொல்லி, அவள் கொப்பியில் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். என் வகுப்புக்கு வந்து ஒரு மாதமாக வாய் திறக்காத பிள்ளை அன்று சிரித்தாள்.

அன்புடன்,
கண்ணகை டீச்சர்

குவைத்
17.03.2025

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் ஒளித்து வைத்து மூன்று தரம் படித்தேன். இங்கே நோன்பு மாதம் ஒன்றிலேயே நான்கு மாத வேலையைச் செய்கிறோம். கால் வீங்கிவிட்டது. அந்த நட்சத்திரத்தை நினைத்தால் நிற்க முடிகிறது.

தகப்பனும் இல்லாத பிள்ளை, டீச்சர். பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன விஷயம். அவளிடம் 'அடுத்த மாசம் வாறன்' என்றுதான் ஒவ்வொரு வெள்ளியும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் அன்பை மறவாத,
பிரஷாந்தி

கதிரவெளி
08.04.2025

அன்புள்ள பிரஷாந்திக்கு,

உங்கள் கால் வீக்கம் குறைந்ததா? சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைத்திருங்கள், நேரம் கிடைத்தால்.

நேற்று உங்கள் அக்கா பாடசாலைக்கு வந்தார். "டீச்சர், இந்தப் புள்ளைக்கு என்ன படிப்பிச்சீங்க?" என்றார். ஒரு கோப்பைச் சோறு தின்ன அவளுக்கு இரண்டு மணித்தியாலம் ஆகிறதாம். காலையில் வாயில் வைத்த பாண் துண்டோடு பாடசாலைக்கு வருகிறாள். மெலிந்துவிட்டாள்; பாவாடையை ஊசி குத்தித்தான் நிறுத்தியிருக்கிறது.

அவளைத் தனியே இருத்திக் கேட்டேன். வாயிலிருந்த பாண் துண்டைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள். மறுகா, "மெதுவாத் திண்டா அம்மா வருவா" என்றாள். இதை நான் படிப்பிக்கவில்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமா? மறைக்காமல் எழுதுங்கள்.

கண்ணகை

குவைத்
02.05.2025

டீச்சருக்கு,

தெரியும்.

போகிற அன்று காலை, விமான நிலையம் போகும் வான் வண்டி வாசலில் நின்றது. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு டொபியை அவள் வாயில் வைத்து, "கடிக்காமச் சூப்பிக்கொண்டிரு கிளி, இது கரையிறதுக்குள்ள அம்மா வந்திருவன்" என்றேன். வானில் ஏறிய பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் இப்படித்தானே போகிறார்கள். பிள்ளை தூங்கும்போது போவார்கள், கடைக்கு என்று சொல்லிப் போவார்கள். அழுகையைக் கேட்டுக்கொண்டு இறங்கினால் பயணம் சரிவராது என்பார்கள்.

இரண்டு வருட ஒப்பந்தம். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் என்னை வெறுத்துவிடுவாள். அந்தக் கால் மணித்தியாலமும் இல்லாமல் நான் இங்கே எப்படி இருப்பேன்? டொபி கொடுத்தது என் பிழைதான். ஆனால் மெதுவாகச் சாப்பிட்டதற்கு நட்சத்திரம் ஒட்டியது நீங்கள். இனி நீங்களே அவளைச் சாப்பிட வையுங்கள்.

பிரஷாந்தி

கதிரவெளி
22.05.2025

அன்புள்ள பிரஷாந்திக்கு,

கோபப்படுங்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த நட்சத்திரத்தை நினைத்தால் எனக்கும் வெட்கமாக இருக்கிறது. இந்த நிமிடத்தில் இருங்கள் என்று படிப்பித்தேன். அவள் அதை வைத்துக் காத்திருக்கப் பழகிவிட்டாள்.

ஆனால் நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். சொன்னவர் வாய்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். போவது முன்பே முடிவானது, வர இரண்டு வருடம், டொபி பொய். இந்த மூன்றையும் சொல்லுங்கள். போன கிழமை காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். வேறு வழி தெரிந்தால் இதை எழுத மாட்டேன்.

கண்ணகை

குவைத்
21.06.2025

டீச்சருக்கு,

போன வெள்ளி சொன்னேன். மூன்றையும் சொன்னேன். மறுகா ஃபோன் வைக்கப்பட்டது. நேற்று எடுத்தபோது அக்காதான் கதைத்தார். 'அவள் வரமாட்டாளாம்' என்றார். கால் மணித்தியாலமும் நான் தனியே கதைத்துக்கொண்டிருந்தேன், மெடத்தின் பூனை குட்டி போட்டது வரைக்கும். நீங்கள் சொன்னதைக் கேட்டு என் பிள்ளையை இழந்துவிட்டேன்.

பிரஷாந்தி

கதிரவெளி
10.07.2025

அன்புள்ள பிரஷாந்திக்கு,

நீங்கள் உண்மையைச் சொன்ன அந்த வெள்ளி, பஸ்ஸுக்கு நின்ற என்னை உங்கள் அக்கா வந்து கூட்டிப் போனார். பிள்ளை சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாள். என்னைக் கண்டதும், "டீச்சர், அம்மா போறது முந்தியே முடிவாகிட்டா?" என்று கேட்டாள்.

"ஓம் கிளி."

"அப்ப நான் டொபியக் கடிச்சதால இல்லயா?"

வான் தெருமுனையில் திரும்பும் முன்பே கடித்துவிட்டாளாம், பிரஷாந்தி. கடித்ததால்தான் நீங்கள் வரவில்லை என்று அவள் ஐந்து மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். "இல்ல கிளி, அதால இல்ல" என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அவள் வாய்விட்டு அழுது நான் அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன். பிறகு ஆறிய சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள்.

உங்களோடு அவளுக்குக் கோபம்தான். கொஞ்ச நாளைக்குக் கதைக்க மாட்டாள், தாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் தனியே கதைக்கவில்லை. அக்கா ஃபோனைச் சத்தமாகப் போட்டு அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறார். பூனைக்கதை வந்தபோது மெல்லுவதை நிறுத்திக் கேட்டாளாம். திங்கட்கிழமை வகுப்பில் குவைத்துப் பூனை ஒன்றைப் படமாகக் கீறி, பக்கத்தில் மூன்று குட்டியும் கீறினாள். எத்தனை குட்டி என்று அடுத்த முறை சரியாகச் சொல்லிவிடுங்கள்.

கச்சானை இப்போது கைநிறையக் கொடுத்து, கடித்துத் தின்னச் சொல்கிறேன். கைநூலில் அப்படி இல்லை. 

இனி வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் முந்தியே எடுங்கள். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள்.

அன்புடன்,
கண்ணகை