கீழே ஓடும் எழுத்து

ஆகஸ்ட் 4, திங்கள்

மறுபடியும் ஃபெயில். ஜெர்மனில் எழுதுவது, படிப்பது, பேசுவது எல்லாம் தேறிவிட்டது. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வில் மட்டும் இரண்டாவது தடவையாக மண்ணைக் கவ்வினேன். நவம்பரில் இன்னொரு வாய்ப்பு. அதுவும் போனால் ஜெர்மனியில் எனக்கு வேலை தருவதாகச் சொன்ன ஆஸ்பத்திரி வேறு நர்ஸைப் பார்த்துக்கொள்ளும். நான் இந்தப் பெங்காலி ஊர் பெஹாலாவிலேயே நைட் டியூட்டி பார்த்துக் கிழவியாக வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

வீங்கின காலோடு கம்ப்யூட்டர் முன்னால். பாடத்தை முக்கால் வேகத்தில் ஓடவிட்டேன். ஒரு வார்த்தை விடாமல் புரிகிறது. பரீட்சை ஹாலில் மட்டும் ஏன் காது அடைத்துப்போகிறது?

ஆகஸ்ட் 14

தூங்கிவிட்டேன். ஹெட்ஃபோனோடு.

செப்டம்பர் 7, ஞாயிறு

சமையலறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ரீனா பௌதி (மன்னியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) மாடிவீட்டுக்காரரோடு பெங்காலியில் சண்டை. "என்னவாம்?" என்றார் இவர்.

"தண்ணி டாங்க் வழிஞ்சு பௌதி உலர்த்தின துணியெல்லாம் நனைஞ்சுடுத்தாம். போன வருஷமும் இப்படித்தானாம்." கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே ஒப்பித்தேன்.

"பெங்காலியிலே ஓரெழுத்து படிக்கத் தெரியாது உனக்கு. பஸ் போர்டைக்கூட என்னைத்தான் கேப்பே. இது மட்டும் எப்படி?"

"காதுல விழறதே."

"ஜெர்மனை நீ கேக்கறதே இல்லை, ஜலஜா. திரையில கீழே ஓடற எழுத்தைன்னா படிக்கறே."

பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். இவருக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடுவார். — ஆனால் உண்மைதானே? பரீட்சையில் எழுத்து ஏது? முக்கால் வேகம் ஏது?

செப்டம்பர் 8

எழுத்தை நிறுத்திட்டு முழு வேகத்துல கேட்டேன். ஒண்ணும் புரியலை. அழுகையா வருது. இத்தனை மாசம் என்னதான் பண்ணிண்டிருந்தேன்?

செப்டம்பர் 30, அஷ்டமி

தெருவெல்லாம் பூஜை மேளம். திரையை அணைத்துவிட்டுத் துணி மடித்தபடி பாடத்தைக் கேட்டேன். ரயில் வரவில்லையென்று ஒருத்தி யார்மேலோ எரிந்துவிழுந்தாள். பாதி வார்த்தை தெரியாது. அவள் எரிச்சலும் அதற்குக் காரணமும் புரிந்துவிட்டன. பௌதி ஞாபகம் வந்து சிரித்தேன்.

நவம்பர் 8, சனி

பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். தலைவலி.

பிப்ரவரி 22, ஞாயிறு

மூன்றாவது தடவையில் தேறி, ஜெர்மனிக்குக் கிளம்பப் போகிறேன். பெட்டியில் ஊறுகாய்க்கு இடமில்லை என்கிறார் இவர். கூட வரமுடியாத கோபமெல்லாம் ஊறுகாய்மேல். எனக்கும் தனியாகப் போகப் பயமாகத்தான் இருக்கிறது.

காலையில் ரீனா பௌதி மறுபடியும் டாங்க் விஷயத்தை ஆரம்பித்தாள். லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்து முழுச் சண்டையையும் பதிவு செய்துகொண்டேன். அங்கே எதுவுமே புரியாத நாளில் போட்டுக் கேட்க வேண்டும்.