ஐஸ் ஆலை நின்றிருந்தபோது அளந்த இரைச்சல்

அனுப்புநர்:
வயர்லெஸ் அறைப் பொறுப்பாளர்,
படகுச் சங்கம், துறைமுகச் சாலை.

பெறுநர்:
மண்டல அதிகாரி அவர்கள்,
வானொலி அலைக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: படகுகளின் அலைவரிசையில் ஐஸ் ஆலை எழுப்பும் இரைச்சலை, ஆலை ஓடும்போது மறுபடி அளக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாக இந்த அறையில் அமர்ந்து கடலில் உள்ள படகுகளோடு பேசிவருகிறேன். சென்ற மாதம் பக்கத்துக் கட்டடமான ஐஸ் ஆலையில் மோட்டார்களுக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தினார்கள். அன்று தொடங்கிய இரைச்சல் இன்னும் ஓயவில்லை.

2. ஒவ்வோர் அலைவரிசையாகத் திருப்பி, கருவியின் முள் காட்டும் எண்ணைப் பத்தொன்பது நாள் குறித்து வைத்தேன் (நகல் இணைப்பு). மேல் வரிசைகளில் இரைச்சல் அடங்கிவிடுகிறது. கீழ் வரிசையில் முள் ஒன்பதைத் தொடுகிறது. எங்கள் படகுகள் பேசுவது அந்தக் கீழ் வரிசையில்தான். ஆலைக்கு விடுமுறையான இரண்டு நாட்களில் மட்டும் முள் இரண்டைத் தாண்டவில்லை.

3. கடந்த வாரம் புதனன்று தங்கள் ஆய்வாளர் வந்து அளந்தார். "ஆலை இயங்குகையில் அளக்கப்பட்டது, இரைச்சல் வரம்புக்குள் உள்ளது" என்கிறது அறிக்கை. கீழ் வரிசைக்கு அவர் எழுதிய எண்ணும் இரண்டு. காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்தால் நோய் தெரியுமா, ஐயா? அன்று காலை ஐஸ் எடுக்கப் போன எங்கள் படகோட்டியிடம் ஆலை வாட்ச்மேன், "ஆபீசர் வர்றாரு, மெஷின் ஓடாது. மதியத்துக்கு மேல வாங்க" என்றாராம். ஆய்வு நாள் தெரிந்தவர்கள் தங்கள் அலுவலகத்தார், நான், எங்கள் சங்கத் தலைவர். தலைவரின் மைத்துனர் ஆலை மேலாளர் என்பதைத் தகவலுக்காக மட்டுமே தெரிவிக்கிறேன். இம்மனு சங்கத்தின் வழியாக வராமல் பதிவுத் தபாலில் வருவதற்கும் காரணம் அதுவே.

4. பொறுப்பாளரே குமிழைத் தவறாகத் திருப்பினார் என்றும் அறிக்கை கூறுகிறது. அது உண்மை. இம்மாதம் மூன்றாம் தேதி, தலைவலி பொறுக்காமல், இரைச்சலை அடக்கும் குமிழை முழுக்கத் திருப்பினேன். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலையும் அது சேர்த்து அடக்கிவிடும் என்று தெரிந்தே செய்தேன். பத்து நிமிடம் என்று நினைத்தது இரண்டு மணி நேரமாயிற்று. அந்த நேரத்தில் என் தம்பியின் படகில் இன்ஜின் நின்றுபோய், அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தற்செயலாகப் பார்த்த வேறொரு படகு இழுத்து வந்தது. கரையேறியதும், "அக்கா, அவ்வளவு கத்துனேனே, உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?" என்றான். வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இதை நான் ஆய்வாளரிடம் சொல்லவேயில்லை. தலைவரிடம் மட்டுமே சொன்னேன்.

5. என் தவறுக்கு என்னை வேலையை விட்டு நீக்கினாலும் ஏற்றுக்கொள்கிறேன். நாளை என் நாற்காலியில் உட்காருபவருக்கும் இதே இரைச்சல்தான் கேட்கும். ஆகவே, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், ஆலை ஓடும் நேரத்தில், கீழ் வரிசையில் அளந்து ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். தம்பி திங்கட்கிழமை காலை மறுபடி கடலுக்குப் போகிறான். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. அதற்குள் வந்துவிடுங்கள், ஐயா. அவன் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும்.

நாள்: 19, வியாழன்
இடம்: துறைமுக வயர்லெஸ் அறை

இப்படிக்கு,
(ஒப்பம்)
வயர்லெஸ் அறைப் பொறுப்பாளர்