பலகைக்கு அப்பால் ஒரு ஆமென்

அன்புள்ள உனக்கு,

ஆண்டவர் தயவில் நான் சுகம். கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறாயா? ஆபரேஷன் பதினேழாம் தேதிதானே?

நீ சிரிக்கும்படி ஒன்று சொல்கிறேன். வீட்டில் நான் ஜெபித்தால் நீ ஆமென் சொல்வாய். நாற்பது வருடப் பழக்கம். இங்கே வளைகுடாவில், கேம்ப் அறையில் தனியாக ஜெபித்து முடித்ததும் என்னையறியாமல் காத்திருப்பேன். ஆமென் வராது. எதையோ விட்டுவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஜெபம் கேட்கப்படுவது கிருபையால்தான், நம் சாமர்த்தியத்தால் அல்ல என்று நம் லுத்தரன் சபையில் சிறுவயதிலேயே படித்தவன்தான். காலையில் மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

போன மாதம் ஒருநாள் மூன்றாம் முறையாக உன் கண்ணுக்காகத் தொடங்கினேன். என் அறையின் பலகைத் தடுப்புக்கு அப்பால் குடியிருந்த வெல்டர் குரல் கொடுத்தார்.

"ஆமென், பெரியவரே. கிளம்புங்க, பஸ் போயிரும்."

"நீங்க சர்ச்சுக்குப் போறவரா தம்பி?"

"நான் எங்க போனேன்? உங்க ஜெபந்தான் எனக்கு மனப்பாடமாயிருச்சே. உங்க வீட்டம்மா கண்ணு நல்லாயிரும், போங்க."

அதன்பின் தினமும் அவர்தான் சொன்னார். வேலை பார்க்கும் பண்டகசாலைக்கு நானும் நேரத்துக்குப் போனேன். நேற்று அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு ஒன்று அனுப்பு. பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்பு. இன்னொன்று: இங்கே காலை ஆறு மணி என்றால் உனக்கு எட்டரை. அடுப்படியில் இருந்தாலும் அப்போது ஒரு ஆமென் சொல்லிவிடு. எனக்குக் கேட்காது. ஆனாலும் நம்பிக் கிளம்புவேன்.

பதினேழாம் தேதி நீ ஆஸ்பத்திரியில் இருப்பாய். அன்றைக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜெபத்துடன்,
உன் வீட்டுக்காரன்